தொண்டை அழற்சியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் நோய்வீரியப் புரதங்களும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு இயற்கையில் உறைவிடம் மனித உடல் ஒன்றே. மண்ணிலோ நீரிலோ கால்நடைகளிலோ அது நிலையாக வாழ்வதில்லை. தொண்டையும் தோலும் அதன் இடங்கள். இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகள் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையான செல்கள் சங்கிலித் தொடராக நிற்பது தெரியும்.

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸ்களால் வருபவை. குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் சுமார் 20 முதல் 30 விழுக்காடும், பெரியவர்களுக்கு வருவதில் 5 முதல் 15 விழுக்காடும் இந்தப் பாக்டீரியாவின் வேலை. தொற்று ஏற்பட்ட 2 முதல் 5 நாட்களில் திடீரென்று காய்ச்சல் வரும், விழுங்கும்போது வலிக்கும், டான்சில்கள் சிவந்து வீங்கி வெண்படலம் பூக்கும், கழுத்தின் முன்பக்கத்தில் நெறி கட்டும். சளி, இருமல், மூக்கொழுகல் பொதுவாக இருக்காது. உலகில் ஆண்டுக்கு 60 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இவ்வகைத் தொண்டை அழற்சி வருவதாக 2005-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது.

நோயை உண்டாக்கும் திறனுக்கு நோய்வீரியம் என்று பெயர். அத்திறனை ஒரு கிருமிக்குத் தருகிற புரதங்களே நோய்வீரியப் புரதங்கள். மனித உடலில் மட்டுமே வாழ்வதால் இந்தப் பாக்டீரியாவின் புரதங்களில் பல, மனித மூலக்கூறுகளுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்திருக்கின்றன. உடலின் தற்காப்பில் எத்தனை படிகள் உண்டோ, ஏறக்குறைய அத்தனை படிக்கும் இதனிடம் ஒரு மாற்றுப் புரதம் இருக்கிறது. 2001-இல் இதன் மரபணுத் தொகுதி முதன்முதலாக முழுமையாக வாசிக்கப்பட்டபோது, சுமார் 18.5 லட்சம் டி.என்.ஏ எழுத்துகள் கொண்ட அந்தச் சிறிய தொகுதியில் நோய்வீரியத்தோடு தொடர்புடையவையாகத் தோன்றிய மரபணுக்கள் மட்டும் 40-க்கு மேல் இருந்தன.

அறிந்துகொண்ட வரலாறு

ஆஸ்திரியாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் 1874-இல் சீழ்ப்புண்களில் சங்கிலி வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார். பிரசவத்துக்குப் பின் தாய்மார்களின் உயிரைப் பறித்த காய்ச்சலில் இதே வகைக் கிருமி இருப்பதை 1879-இல் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். 1884-இல் ஜெர்மானிய மருத்துவர் ரோசன்பாக் பையோஜீன்ஸ் என்ற இனப்பெயரை இட்டார்.

கிருமி ஒன்றே என்றால், அது உண்டாக்கும் நோயின் கடுமை ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறுவது ஏன் என்ற கேள்வி எஞ்சியது. அதற்கு வழி திறந்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் 1918-இல் பணியில் சேர்ந்த அவர், டெக்சாஸ் ராணுவ முகாம்களில் பரவிய தொற்றிலிருந்து எடுத்த 125 கிருமி மாதிரிகளை ஆஸ்வால்ட் ஏவரி, அல்ஃபோன்ஸ் டோக்கஸ் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். ஒரே இனமாகத் தோன்றியவை பல வகைகளாகப் பிரிந்தன. 1928-இல் வெளியிட்ட கட்டுரைகளில், அந்த வகை வேறுபாட்டுக்குக் காரணம் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதமே என்று நிறுவி அதற்கு எம் புரதம் எனப் பெயரிட்டார். 1933-இல் செல்சுவரின் சர்க்கரைப் பொருளைக் கொண்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களை ஏ, பி, சி எனத் தொகுதிகளாகப் பிரித்தார். தொண்டை அழற்சிக் கிருமி ஏ தொகுதியில் வந்தது. மருத்துவர்கள் இன்றும் அதை ஏ தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்

தொண்டையில் எச்சில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் ஒட்டாத கிருமிகள் வயிற்றுக்குப் போய் அமிலத்தில் அழிகின்றன. ஆகவே பற்றிக்கொள்வதே நோயின் முதல் படி.

செல்சுவரிலுள்ள லிப்போடைக்காயிக் அமிலம் முதலில் தளர்வாகத் தொடுகிறது. பிறகு புரதங்கள் இறுகப் பற்றுகின்றன. மனிதத் திசுக்களில் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஃபைப்ரோநெக்டின் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் இவற்றில் முக்கியமானவை. எஃப்1 புரதம் அவற்றில் ஒன்று. ஃபைப்ரோநெக்டினை இடையில் வைத்துக்கொண்டு கிருமி தொண்டைச் செல்லின் மேற்பரப்போடு இணைகிறது. சில வேளை செல்லின் உள்ளேயே நுழைந்துவிடுகிறது. உள்ளே புகுந்த கிருமியை எதிர்ப்பொருளோ பெனிசிலினோ எளிதில் எட்டுவதில்லை. மருந்து முடித்த பிறகும் சிலருக்குக் கிருமி மீண்டும் தலைகாட்டுவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள்.

மேற்பரப்பிலிருந்து நீளும் பைலஸ் என்ற மெல்லிய இழைகளும் டான்சில் செல்களைப் பற்ற உதவுகின்றன. இந்த இழைகளின் புரதங்களுக்குள் அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் தாமாகவே வலுவான பிணைப்பை உண்டாக்கிக்கொள்கின்றன என்பது 2007-இல் தெரியவந்தது. அதே வகைப் பிணைப்பு, ஃபைப்ரோநெக்டினைப் பற்றும் எஃப்பிஏபி என்ற புரதத்திலும் உண்டு. அப்புரதத்தின் ஒரு பகுதியை இரண்டாகப் பிரித்து, சந்தித்தவுடன் பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிடும் ஒரு இணையை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-இல் உருவாக்கினர். ஸ்பைடேக், ஸ்பைகேச்சர் என்ற அந்த இணை இன்று தடுப்பூசி ஆய்விலும் புரதப் பொறியியலிலும் பயன்படுகிறது.

எம் புரதம்

ஒட்டிக்கொண்ட கிருமியை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் விழுங்க வருகின்றன. அவற்றிடமிருந்து தப்ப உதவும் பொருட்களில் தலையாயது எம் புரதம்.

இப்புரதம் இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய இரட்டைப் புரிக் கயிறு போன்றது. ஒரு முனை செல்சுவரில் பதிந்திருக்கும்; மறு முனை சுமார் 50 முதல் 60 நானோமீட்டர் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் பதியும் பகுதி எல்லா வகைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது. வெளியே நீட்டியிருக்கும் நுனிப் பகுதியோ வகைக்கு வகை மாறுகிறது. அந்த நுனிக்கான மரபணு வரிசையைக் கொண்டு இதுவரை 200-க்கு மேற்பட்ட எம் வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. எம்1, எம்3, எம்12 என எண்ணிட்டு அவற்றைக் குறிப்பிடுவது வழக்கம்.

எம் புரதத்தை டிரிப்சின் நொதியால் சீவி எடுத்துவிட்டாலும் கிருமி சாவதில்லை என்பதை லான்ஸ்ஃபீல்ட் காட்டினார். உயிர்வாழ அது தேவையில்லை. மனித இரத்தத்தில் தப்பிப் பிழைக்கத்தான் தேவை. எம் புரதம் உள்ள கிருமியை மனித இரத்தத்தில் இட்டால் அது பெருகும். இல்லாத கிருமியை வெள்ளணுக்கள் விரைவில் விழுங்கிவிடும். குறிப்பிட்ட அந்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால், எம் புரதம் உள்ள கிருமியும் அழியும். இந்தச் சோதனை அவர் காலம் முதல் இன்றுவரை அளவுகோலாக நிற்கிறது.

எம் புரதத்தின் வேலை, மனித உடலின் சொந்தப் புரதங்களைப் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொள்வது. இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி அன்னியக் கிருமியின்மேல் படிந்து, விழுங்கவேண்டியது இதுவே என வெள்ளணுக்களுக்கு அடையாளம் காட்டும். உடலின் சொந்தச் செல்கள்மேல் அது தவறிப் படியாதபடி தடுக்க எச் காரணி, சி4பிபி போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் இரத்தத்தில் சுற்றிவருகின்றன. பல வகை எம் புரதங்கள் இந்தக் கட்டுப்பாட்டுப் புரதங்களையே பிடித்துவைக்கின்றன. விளைவாக, கிருமியின் மேற்பரப்பை உடல் தன்னுடையதென்று எண்ணி விட்டுவிடுகிறது. இரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜனையும் எம் புரதம் வாரி அணிந்துகொள்கிறது. அதன் அடியில் காம்ப்ளிமென்ட் படிய இடமில்லாமல் போகிறது.

இதே போர்வை உத்தியைப் புரதமல்லாத இன்னொரு பொருளும் செய்கிறது. பெரும்பாலான வகைகள் ஹயலூரோனிக் அமிலத்தால் ஆன உறை ஒன்றைச் சுற்றிக்கொள்கின்றன. மனித மூட்டுகளிலும் தோலிலும் இருப்பதும் இதே வேதிப்பொருள்தான். ஆகவே உடல் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை.

தற்காப்பைத் துண்டிக்கும் நொதிகள்

தொற்று நடந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் தாமாக வருவதில்லை. வேதிச் சமிக்ஞைகளைப் பின்பற்றி வருகின்றன. சி5ஏ என்ற காம்ப்ளிமென்ட் துண்டும், ஐ.எல்-8 என்ற புரதமும் அத்தகைய அழைப்புகள். கிருமியின் மேற்பரப்பிலுள்ள சி5ஏ பெப்டிடேஸ் முதலாவதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. ஸ்பைசெப் என்ற நொதி இரண்டாவதை வெட்டுகிறது. இரண்டும் அறுபட்டால் வெள்ளணுக்கள் தாமதமாகவும் குறைவாகவும் வந்து சேர்கின்றன.

வந்து சேர்ந்தவை தம் டி.என்.ஏ-வையே வலைபோல் வெளியே வீசிக் கிருமிகளைச் சிக்கவைக்கும் ஒரு முறையும் உண்டு. கிருமி சுரக்கும் டி.என்.ஏ சிதைக்கும் நொதிகள் அந்த வலையைக் கரைத்துவிடுகின்றன.

எதிர்ப்பொருளுக்கும் மாற்று இருக்கிறது. 2002-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்த ஐடெஸ் என்ற நொதி, மனித ஐஜிஜி எதிர்ப்பொருளை அதன் கழுத்துப் பகுதியில் இரண்டாக வெட்டுகிறது. கிருமியைப் பற்றும் பகுதியும் வெள்ளணுவை அழைக்கும் பகுதியும் தனித்தனியே பிரிந்துவிடுவதால் எதிர்ப்பொருள் பயனற்றுப்போகிறது. எண்டோஎஸ் என்ற இன்னொரு நொதி ஐஜிஜி-யில் உள்ள சர்க்கரைக் கிளையைக் கழற்றி அதே விளைவை உண்டாக்குகிறது. மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் மிகுந்த நோயாளிகளுக்கு ஐடெஸ் இன்று மருந்தாகிறது. இம்லிஃபிடேஸ் என்ற பெயரில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் நிபந்தனையுடன் அனுமதித்தது.

செல்லைத் துளைக்கும் நச்சுகள்

இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் இக்கிருமியை வளர்த்தால், அதன் கூட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மறைந்து தெளிந்த வட்டம் தோன்றும். சிவப்பணுக்கள் உடைவதன் அடையாளம் அது. காரணம் இரண்டு நச்சுகள். ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் ஆக்சிஜனைத் தாங்கும் சிறிய பெப்டைடு. மேற்பரப்பில் தெரியும் வட்டம் பெரும்பாலும் இதனால் வருவது. அளவில் மிகச் சிறியது என்பதால் உடல் இதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை.

ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும் பெரிய புரதம். செல் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றி, பல மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து பெரிய துளையை உண்டாக்குகின்றன. அந்த வழியே என்.ஏ.டி-யைச் சிதைக்கும் இன்னொரு நச்சு செல்லுக்குள் செலுத்தப்படுகிறது; செல் தன் ஆற்றல் இருப்பை இழந்து மடிகிறது. இப்புரதத்துக்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளப்பதே ஆய்வகங்களில் செய்யப்படும் ஏ.எஸ்.ஓ சோதனை. தொற்று வந்து 3 முதல் 5 வாரங்களில் அதன் அளவு உச்சத்தை எட்டும். அண்மையில் ஏ தொகுதிக் கிருமி தொற்றியது என்பதற்கு மேல் அச்சோதனை எதையும் சொல்வதில்லை. இன்றைய தொண்டை வலிக்குக் காரணம் எதுவென்றோ, மூட்டுவலி, தொற்றுக்குப் பின் சிலருக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல்தான் என்றோ அதைக்கொண்டு மட்டும் முடிவுகட்ட முடியாது.

சூப்பர் ஆன்டிஜென்கள்

கிருமி ஒன்று உடலுக்குள் வந்தால் அதை அடையாளம் காணும் டி செல்கள் பத்தாயிரத்தில் ஒன்றுகூட இருப்பதில்லை. அந்தச் சிலவே பெருகிப் போராடும். சூப்பர் ஆன்டிஜென் எனப்படும் நச்சுகள் இந்த ஒழுங்கைக் குலைக்கின்றன. டி செல்லின் ஏற்பியையும், அதற்குத் தகவல் காட்டும் எச்.எல்.ஏ மூலக்கூறையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, ஐந்தில் ஒரு பங்கு டி செல்களைக்கூட ஒரே நேரத்தில் முடுக்கிவிட வல்லவை. ஸ்பீஏ, ஸ்பீசி, ஸ்மெஸ் ஆகியவை இவ்வகையின. இலக்கற்றுத் தூண்டப்பட்ட செல்கள் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றன. கடுமையான நிலையில் இரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும் நச்சு அதிர்ச்சி ஏற்படுகிறது.

தொண்டை அழற்சியோடு உடலெங்கும் செந்தடிப்புப் பரவும் ஸ்கார்லெட் காய்ச்சலுக்குக் காரணமும் இவையே. சிகாகோவில் ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் தம்பதியர் 1923-இல் அந்நோய்க்கும் இக்கிருமிக்கும் உள்ள தொடர்பை நிறுவினர். நச்சுக்கான மரபணு கிருமிக்கே உரியதல்ல, பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்கள் கொண்டுவந்தது என்பதை ஜான் சப்ரிஸ்கி 1964-இல் காட்டினார். வைரஸ் ஒன்று தொற்றினாலே சாதாரணத் தொண்டைக் கிருமி ஸ்கார்லெட் காய்ச்சல் கிருமியாக மாறிவிட முடியும். இங்கிலாந்தில் 2014 முதல் ஸ்கார்லெட் காய்ச்சல் பெருகியபோது, எம்1 வகையில் ஒரு புதிய கிளை தோன்றியிருப்பது 2019-இல் அறியப்பட்டது. பழைய எம்1-இலிருந்து 27 டி.என்.ஏ எழுத்துகளில் மட்டுமே வேறுபட்ட அது, ஸ்பீஏ நச்சைப் பல மடங்கு கூடுதலாகச் சுரந்தது.

தொண்டையில் இந்த நச்சால் கிருமிக்கு என்ன ஆதாயம் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் விடை தந்தன. மனித எச்.எல்.ஏ மூலக்கூறு புகுத்தப்பட்ட எலிகளின் மூக்கு, தொண்டைப் பகுதியில் கிருமி செழித்துப் பெருகியது. சூப்பர் ஆன்டிஜென் மரபணுவை நீக்கியதும் அந்த வலிமை போயிற்று. அடிக்கடி தொண்டை அழற்சி வரும் குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட டான்சில்களைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2019-இல் ஆராய்ந்தபோது, எதிர்ப்பொருள் உருவாக உதவவேண்டிய டி செல்களையே ஸ்பீஏ திசைமாற்றி, எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களைக் கொல்ல வைப்பது தெரிந்தது. அக்குழந்தைகளின் இரத்தத்தில் ஸ்பீஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருளும் குறைவாகவே இருந்தது.

ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஸ்பீபி நொதியும்

காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து கிருமியை அடைத்துவைப்பது உடலின் பழமையான காப்பு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற புரதம் மனித இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜனை முடுக்கி, உறைகட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினாக மாற்றுகிறது. எலியின் பிளாஸ்மினோஜன்மேல் இது சரிவரச் செயல்படுவதில்லை. மனிதப் பிளாஸ்மினோஜன் மரபணுவைப் புகுத்திய எலிகளுக்கோ இதே கிருமி மிகக் கொடியதாயிற்று. கிருமி மனிதனுக்கென்றே தன்னைத் தீட்டிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

வில்லியம் டில்லெட், கார்னர் ஆகியோர் 1933-இல் கண்ட இப்புரதம் மாரடைப்புக்கு மருந்தாயிற்று. இத்தாலியில் 11,806 நோயாளிகளிடம் நடந்து 1986-இல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 21 நாட்களுக்குள் இறந்தோர் 10.7 விழுக்காடு, பெறாதவர்களில் 13 விழுக்காடு. விலை குறைவு என்பதால் இந்திய மருத்துவமனைகளில் இது பரவலாகப் பயன்பட்டது. கிருமிப் புரதமாகையால் உடல் இதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். ஒருமுறை பெற்றவருக்கு மீண்டும் தருவதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுவே.

ஸ்பீபி என்பது அகன்ற வேட்டை கொண்ட புரதச் சிதைப்பு நொதி. மனிதத் திசுப் புரதங்களையும், கிருமியின் சொந்தப் புரதங்கள் பலவற்றையும் அது வெட்டுகிறது. கோவ்ஆர், கோவ்எஸ் என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து சூழலை உணர்ந்து எந்த மரபணு எப்போது இயங்கவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. இக்கட்டுப்பாட்டில் திடீர் மாற்றம் நேர்ந்தால் ஸ்பீபி குறையும், உறை தடிக்கும், எம் புரதமும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சிதையாமல் நிற்கும். தொண்டையோடு நின்ற கிருமி இரத்தத்திலும் தசையிலும் ஊடுருவும் வகையாவது பல வேளைகளில் இப்படித்தான்.

இதயத்தைத் தொடும் விளைவு

சிகிச்சையே இல்லாவிட்டாலும் தொண்டை அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். அபாயம் அதன் பிறகு வருகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் தொடங்குகிறது. எம் புரதத்தின் முறுக்குப் புரி அமைப்பு, இதயத் தசையின் மயோசின் புரதத்தை ஒத்தது. கிருமியின் செல்சுவரிலுள்ள சர்க்கரைக்கும் இதயத் திசுவுக்கும் இத்தகைய ஒப்புமை உண்டு. கிருமிக்கென உருவான எதிர்ப்பொருளும் டி செல்லும் இதய வால்வுகளைத் தாக்க இந்த ஒப்புமை இடந்தருகிறது. மீண்டும் மீண்டும் தொற்று வரும்போது வால்வுகள் தடித்துச் சுருங்குகின்றன. ருமாட்டிக் இதய நோயோடு உலகில் சுமார் 4 கோடிப் பேர் வாழ்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் இறக்கிறார்கள். இந்தியா இந்தச் சுமையைப் பெரிதும் தாங்கும் நாடுகளில் ஒன்று.

தடுப்பூசி முயற்சிகள்

எம் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் காப்பளிக்கும் என்பது லான்ஸ்ஃபீல்ட் காலத்திலேயே தெரிந்தது. ஆனால் அக்காப்பு குறிப்பிட்ட வகைக்கு மட்டும் உரியது. எம்1 தொற்றிக் குணமானவருக்கு எம்12 புதிய நோய். 1960-களில் அமெரிக்காவில் எம் புரதத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளில் சிலருக்குப் பின்னர் ருமாட்டிக் காய்ச்சல் வந்ததாக 1969-இல் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1979-இல் இவ்வகைத் தடுப்பூசிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை விதித்தது. தடை விலகியது 2005-இல்.

இப்போது மூன்று வழிகளில் முயற்சி நடக்கிறது. 30 எம் வகைகளின் நுனித் துண்டுகளைச் சேர்த்த தடுப்பூசி ஒன்று. எல்லா வகைக்கும் பொதுவான அடிப்பகுதித் துண்டைக் கொண்டது இன்னொன்று. மூன்றாவது வழி எம் புரதத்தை விட்டுவிட்டு ஸ்பைசெப், ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, சி5ஏ பெப்டிடேஸ் போன்ற, வகைக்கு வகை அதிகம் மாறாத புரதங்களை இலக்காக்குகிறது. பணக்கார நாடுகளில் சில எம் வகைகளே பெரும்பாலான நோய்க்குக் காரணம். சென்னை, வேலூர் உள்ளிட்ட இந்திய நகரங்களின் ஆய்வுகளில் வகைகள் பலவாகப் பரந்து காணப்படுகின்றன. ஆகவே முதல் வழி இந்தியாவுக்குப் போதுமான காப்புத் தருமா என்பது ஐயமே. பொதுப் புரதங்களை நாடும் மற்ற இரண்டு வழிகளே இங்கு கூடுதல் பொருத்தம். ருமாட்டிக் இதய நோயைத் தடுப்பதை 2018-இல் உலக சுகாதார சபை தீர்மானமாகவே நிறைவேற்றியும், பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இன்னும் ஒன்றுமில்லை.

இத்தனை தற்காப்புகளையும் வெல்லும் கிருமி, பெனிசிலினை மட்டும் இதுவரை வெல்லவில்லை. பெனிசிலினுக்கு முழு எதிர்ப்புப் பெற்ற ஏ தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோயாளிகளிடம் பதிவாகவில்லை. அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்கோ எதிர்ப்பு பல நாடுகளில் உண்டு. தொண்டை அழற்சி தொடங்கிய 9 நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பது 1950-ஐ ஒட்டி அமெரிக்காவின் வயோமிங் விமானப்படைத் தளத்தில் நடந்த ஆய்வுகள் நிறுவிய உண்மை. காய்ச்சலும் வெண்படலமும் நெறிக்கட்டும் உள்ள, இருமல் இல்லாத தொண்டை வலி ஒரு குழந்தைக்கு வந்தால் மருத்துவரிடம் காட்டுவதும், தொடங்கிய மாத்திரையை வலி தீர்ந்தாலும் 10 நாள் முழுவதும் கொடுத்து முடிப்பதும் தடுப்பூசி வரும்வரை இதயத்துக்கு உள்ள காப்பு.